கொடுப்போம், விற்கமாட்டோம், பறிக்கவும் விடோம்!

குருதி, கண், உறுப்பு, உடல் ஆகியவற்றின் ஈகை குறித்த சொற்பொழிவு

(வன்னியில் கமக்காரரும் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்றது.)



சாவைப் பற்றி முன்கூட்டிப் பேசுவது அமங்கலம் என்று எம்மவர் கருதுகின்றனர். காணிக்கு உறுதி எழுதுகின்றோம். மகளுக்குச் சீதனம் எழுதுகின்றோம். பிள்ளை பிறக்குமுன்பே பெயர் தேடுகின்றோம். ஆனால் உயிர் நீங்கிய பின்னர் எம் உடல் என்ன ஆகவேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை. இதனால் நேர்வது யாது? ஒருவர் கண்மூடிய அந்த வேளையிலே, அழுது துடிக்கும் மனைவியிடமும் மக்களிடமும் வைத்தியர் கேட்கவேண்டியதாகிறது. அவ்வேளையில் எவரால் விடை கூறமுடியும்? "அவர் என்ன நினைத்திருந்தாரோ, எமக்குத் தெரியாது" என்ற சொல்லே வருகிறது. அத்துடன் இருவருக்கு ஒளி தரக்கூடிய இரு கண்கள் நெருப்புக்கு இரையாகிவிடுகின்றன.

ஆகவேதான் எல்லாரும் நலமாயிருக்கும் இந்த நாளில் இப்பொருளை எடுத்துக்கொண்டோம். செத்தவீட்டில் பேசமுடியாததை நல்ல வீட்டில் பேசிவைக்க வேண்டும். இன்று நாம் சொல்லவிருப்பவற்றின் சாரம் இதுவே.

உடல் ஈகை என்று பொதுப்படச் சொல்லும்போது நான்கு வேறு செயல்களை ஒன்றாகக் குழப்பிவிடுகின்றோம். குருதி உயிரோடிருக்கும்போது கொடுப்பது. கண் இறந்தபின் கொடுப்பது. உறுப்பு, உயிரோடிருப்பவர் உறவினருக்கு ஒரு சிறுநீரகம் ஈவதும் உண்டு; மூளை இறந்த நிலையில் வைத்தியசாலையிலேயே எடுக்கப்படுவதும் உண்டு. உடல் முழுவதும் மருத்துவக் கல்விக்கு ஒப்படைக்கப்படுவது. ஒன்றுக்கு அஞ்சுகிறவன் நான்கையும் வெறுக்க வேண்டியதில்லை. ஒன்றைக் கொடுத்தவன் நான்கையும் கொடுத்தே ஆகவேண்டும் என்பதுமில்லை.

இறைக்கிற கிணறு ஊறும்

முதலாவதாகக் குருதி. வளர்ந்த மனிதனின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் உண்டு. கொடையாளரிடம் ஒருமுறை எடுப்பது அதில் 450 மில்லிலீற்றர் அளவே. இழந்த நீர்ப்பங்கு ஓரிரு நாட்களில் நிரம்பிவிடுகிறது. சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஈடாகின்றன. நாம் கொடுத்தாலும் கொடாவிட்டாலும் ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாட்களே வாழும். பின்னர் உடலே அதனை அழித்துப் புதியதை ஆக்கும். இறைக்கிற கிணறு ஊறும் என்பதைத் துலா மிதித்த எம் முன்னோருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டக் கிணற்றில் நம்பிக்கை வைத்த நாம் எம் உடலில் நம்பிக்கை வைக்கத் தயங்குவது ஏன்?

இந்த இரத்தத்தை எந்தத் தொழிற்சாலையிலும் செய்யமுடியாது. பிள்ளைப்பேற்றின்போது உதிரம் நில்லாமற் போகும் தாய்க்கும், உழவு இயந்திரம் புரண்டு நசுங்கிய இளைஞனுக்கும், மாதந்தோறும் இரத்தம் ஏற்றினாலன்றி வாழவியலாத தலசீமியாக் குழந்தைக்கும் இன்னொரு மனிதனின் கையே ஊற்று. ஒருவர் கொடுத்த இரத்தம் சிவப்பணு, குருதித்தட்டு, நீர்ப்பங்கு எனப் பிரிக்கப்பட்டு மூவருக்குப் பயன்படுதலும் உண்டு.

ஆயினும் இரத்தம் நெல்லைப் போலக் களஞ்சியத்திற் கிடக்காது. சிவப்பணுக்கள் குளிரில் வைத்தாலும் 42 நாட்கள் வரையே நிலைக்கும். குருதித்தட்டுகள் 5 நாட்களே. எமது அரசியற் கட்சிகளும் சங்கங்களும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். தலைவர் ஒருவரின் பிறந்தநாளன்று நூற்றுக்கணக்கானோரை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்துவிட்டு, அடுத்த பிறந்தநாள்வரை மறந்திருப்பது கொடையாகாது, அது விளம்பரம். ஒரே நாளில் 300 பேர் கொடுப்பதிலும் பார்க்க, மாதத்துக்கு 25 பேராக ஆண்டு முழுவதும் கொடுப்பதே நோயாளிக்குப் பயன்.

இலங்கையில் 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட நலமுள்ளோர் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை குருதி ஈயலாம். கமக்காரருக்கு நாம் ஒன்று கூறுவோம். பெரும்போக அறுவடை முடிந்ததும் ஒருமுறை, சிறுபோக அறுவடை முடிந்ததும் ஒருமுறை, ஆண்டுக்கு இருமுறை கொடுப்பதென்று ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் தீர்மானம் செய்யட்டும். ஊர்கள் தம்முள் நாள் வகுத்துக்கொள்ளட்டும். அறுவடை எல்லா ஊரிலும் ஒரே நாளில் முடிவதில்லை. ஆகவே கொடையும் ஒரே நாளிற் குவியாது. கந்தோரில் வேலை பார்ப்போருக்குப் போகம் இல்லை. அவர்கள் இடைப்பட்ட மாதங்களை ஏற்றுக்கொள்ளலாம்.

வியன்னா நகரத்தில் ஆராய்ச்சி செய்த கார்ல் லாண்ட்ஸ்டைனர், மனித இரத்தம் வகைப்படும் என்பதை 1901இல் விளக்கினார். 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளையே உலகம் குருதிக் கொடையாளர் நாளாகக் கொண்டாடுகிறது. ஏ, பீ, ஏபீ, ஓ என்பன அவ்வகைகள். அவற்றுள் உயர்சாதி வகை என்று ஒன்றில்லை. தாழ்ந்த சாதி வகை என்று ஒன்றில்லை. தமிழ் இரத்தம், சிங்கள இரத்தம், முஸ்லிம் இரத்தம் என்ற வகைகளும் இல்லை. தேநீர்க் கடையிலே சிலருக்கெனத் தனிக்குவளை ஒதுக்கிய ஊர்கள் எம்மிடையே இருந்தன. அக்குவளையை ஒதுக்கியவனுக்கும் ஆபத்து வந்தபோது, போத்தலில் வந்த இரத்தம் யாருடையது என்று கேட்கும் தைரியம் இருக்கவில்லை. மேடைகளில் நாம் ஆண்டாண்டாகப் பேசிய சமத்துவத்தை ஒரு போத்தல் இரத்தம் ஓசையின்றி நிலைநாட்டிவிடுகிறது.

கண் கொடுத்த மரபு

அடுத்ததாகக் கண். இதிலே இலங்கைத் தீவு உலகுக்கு வழிகாட்டியது என்பதை நாம் பெருமையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். வைத்தியர் ஹட்சன் சில்வா கண்தானச் சங்கத்தை 1961இல் தொடங்கினார். அதற்கு முன்னர் அவருடைய தாயார் இறந்தபோது அவ்வன்னையின் கண்ணிலிருந்து எடுத்த விழிவெண்படலம் ஏழை விவசாயி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. தாயின் கண்ணால் ஒரு கமக்காரன் தன் வயலைப் பார்த்தான்! 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. பின்னர் பாகிஸ்தான், எகிப்து, ஜப்பான் முதலிய பல நாடுகளுக்கும் சென்றன. தன் தேவைக்கு மேலும் கண் கொடுத்த நாடு என்ற பெயர் இத்தீவுக்குக் கிடைத்தது.

சிங்கள பௌத்த மக்கள் இக்கொடைக்கு ஆதாரமாகச் சிவி அரசனின் சாதகக் கதையைச் சொல்வர். அவன் குருடனுக்குத் தன் கண்களை ஈந்தவன். அச்சிவியை நாமும் அறிவோம். புறாவின் உயிருக்காகத் தன் தசையை அரிந்து நிறுத்தவன் அவனே. அவன் வழிவந்தோர் என்பதாற் சோழர் தம்மைச் செம்பியர் என்றனர். காளத்தி மலையிலே இறைவனின் கண்ணிற் குருதி கண்டு, தன் கண்ணை அம்பினால் இடந்து அப்பிய வேடர் கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்குகின்றோம். அவரை வணங்கும் சமயம் கண்ணீகையைத் தடுக்கும் என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்? அவர் உயிருள்ள கண்ணைக் கொடுத்தார். எம்மிடம் கேட்பதோ எமக்கு இனிப் பயன்படாத கண்ணை.

இக்கொடை கமக்காரருக்கு அந்நியமன்று. சூடு அடிக்கும்போது நெல்லுமியோ வைக்கோற் துரும்போ கண்ணிற்பட்டுப் புண்ணாகி, பூஞ்சணம் பற்றி, விழிவெண்படலம் வெளுத்துப் பார்வை கெடுவது வயல் நாடுகளிற் பெருவழக்கான துன்பம். அவ்வாறு கெட்ட படலத்தை அகற்றி இறந்தவரின் தெளிந்த படலத்தைப் பொருத்துவதே இச்சிகிச்சை. இது 1905ஆம் ஆண்டிலேயே கைகூடிய சிகிச்சை.

முதியவர் கண் உதவாது என்று எண்ணற்க. கண்ணாடி அணிந்தவரும், கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்தவரும் கொடுக்கலாம். முகம் விகாரப்படுவதில்லை, இமைகளை மூடிச் சீராகவே ஒப்படைப்பர். ஆனால் காலம் அரிது. உயிர் நீங்கிய பின் இயன்றவரை நான்கு மணித்தியாலங்களுக்குள் எடுத்துவிட வேண்டும். வீட்டார் செய்யவேண்டியவை எளியன: இமைகளை மூடுக, ஈரப்பஞ்சை மேலே வைக்குக, தலையைத் தலையணையிற் சிறிது உயர்த்துக, காற்றாடியை நிறுத்துக, உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்கு அறிவிக்குக. பெரிய வைத்தியசாலை தொலைவிலுள்ள ஊரில் வாழும் ஏழைக்கும் இக்கொடை இயலும் என்பதே இதன் சிறப்பு.

சிறுநீரகம் கெட்ட வயல்நாடு

மூன்றாவது உறுப்பு. இது எம் வாசலில் நிற்கும் பிரச்சினை. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்து நெல்வயற் கிராமங்களில், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரர் பலருக்குச் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லச் செயலிழந்து வருவது வெளிப்பட்டது. வவுனியா மாவட்டமும் இந்நோய்க்குத் தப்பவில்லை. கிணற்று நீர், பூச்சிநாசினி, வெப்பத்தில் உழைப்பு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டும், முடிந்த முடிபாக ஒன்றும் நிறுவப்படவில்லை. சிறுநீரகம் முற்றாகக் கெட்டவர் கிழமைக்கு இரண்டு மூன்று முறை இயந்திரத்தோடு மணிக்கணக்கிற் கிடந்து இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். அவர் எப்பொழுது உழுவது? எப்பொழுது விதைப்பது? போக்குவரத்துக்கே காணியை ஈடு வைக்கும் நிலை வந்துவிடுகிறது. அவரை மீண்டும் வரம்பில் நடக்கச் செய்யக்கூடியது மாற்றுச் சிறுநீரகமே. இச்சிகிச்சை 1954 டிசம்பரில் பொஸ்ரன் நகரில் இரட்டைச் சகோதரரிடையே முதன்முதல் வெற்றிபெற்றது. 1967 டிசம்பரில் கேப்டவுனில் இருதயமும் மாற்றப்பட்டது.

இங்கேதான் பெரிய அச்சம் எழுகிறது. "இருதயம் துடிக்கும்போதே அறுத்துவிடுவார்களோ?" என்று மக்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது, அதனை இகழ்வது படித்தவருக்கு அழகன்று. பெருங்காயத்தாலோ இரத்தக் கசிவாலோ மூளை முழுதும், மூச்சை ஆளும் மூளைத்தண்டும் மீளாதவாறு அழிந்தபின், இயந்திரம் மூச்சை ஊதுவதால் மட்டுமே இருதயம் சிறிது காலம் துடிக்கும். இதுவே மூளைச்சாவு. நினைவிழந்து கிடப்பது வேறு, இது வேறு. நினைவிழந்தவர் தாமாக மூச்செடுக்கக்கூடும், மீளவும்கூடும். மூளை இறந்தவர் மீள்வதில்லை. இதனை உறுதிசெய்யும் வைத்தியர்கள் உறுப்பு மாற்றும் குழுவைச் சேர்ந்தவராய் இருத்தல் கூடாது. சோதனைகள் முறைப்படி திரும்பச் செய்யப்பட வேண்டும். இவ்விரண்டையும் கேட்டறியும் உரிமை வீட்டாருக்கு உண்டு. அவ்வாறு உறுதியான ஒருவரிடமிருந்து இரு சிறுநீரகம், ஈரல், இருதயம், நுரையீரல் முதலியன எட்டுப் பேர்வரை வாழ்வளிக்கலாம். இருதயம் சில மணித்தியாலங்களே தாங்கும். சிறுநீரகம் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும்.

பாக்குநீரிணைக்கு அப்பால் எம்மொழி பேசும் தமிழ்நாட்டில் இது நடந்து காட்டப்பட்டுள்ளது. 2008இல், விபத்தில் மூளை இறந்த தம் இளம் மகனின் உறுப்புகளை வைத்தியர்களான பெற்றோர் ஈந்தனர். அச்செய்தி நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டிலேயே அரசாங்கம் இதற்கென ஒழுங்குகளை வகுத்தது. 2023 செப்டெம்பரில், உறுப்பீந்தோரின் இறுதிச் சடங்குகள் அரச மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் அறிவித்தார். சாதாரண குடிமகனின் சாவுக்கு அரசு தலைவணங்கும் அக்காட்சி, நூறு பிரசுரங்கள் செய்யாத வேலையைச் செய்யும்.

விலை பேசினால் கொடையன்று

ஆனால் அதே தமிழ்நாட்டின் மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. சென்னையில் ஏழைகள் சிறுநீரகம் விற்றதனால் ஒரு பகுதிக்குக் "கிட்னிவாக்கம்" என்ற பரிகாசப் பெயரே ஏற்பட்டது. 1994இல் இந்தியா விற்பனையைச் சட்டத்தால் தடுத்தது. 2002இல் வெளியான ஆய்வொன்று சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்தது. நூற்றுக்கு 96 பேர் கடன் தீர்க்கவே விற்றிருந்தனர். விற்ற பின்னரும் நால்வரில் மூவர் வரை கடன்காரராகவே இருந்தனர். குடும்ப வருமானமோ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. உறுப்பும் போயிற்று, உழைக்கும் வலிமையும் போயிற்று, கடன் மட்டும் போகவில்லை!

போருக்குப் பின் எமது வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன்காரர் படலையைத் தட்டாத கிராமம் அரிது. அத்தகைய வீட்டை நோக்கித் தரகன் வருவது எளிது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் இருக்கிறது; உறுப்பு வணிகம் சட்டவிரோதம். ஆயினும் சட்டப் புத்தகம் ஊருக்குள் வந்து காவல் நிற்காது. தரகனைக் கண்டால் துரத்துவது ஊரின் கடமை. வறியவன் கொடுக்க, செல்வன் மட்டும் பெறுவானாயின் அதற்கு ஈகை என்று பெயரில்லை.

உடல் யாருடையது?

இறுதியாக உடல் முழுவதையும் ஈவது. யாழ்ப்பாணத்து மருத்துவக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மாணவருக்கு மருத்துவம் கற்பித்தார். தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் அமைந்தது. எத்தனை நூல் இருந்தாலும், எத்தனை படம் இருந்தாலும், நரம்பு எங்கே ஓடுகிறது என்பதை மாணவன் மனித உடலிலேதான் தெளிகிறான். நாளை எம் பிள்ளையின் வயிற்றில் கத்தி வைக்கப் போகிறவனுக்கு முதல் ஆசிரியர் அந்தப் பெயரறியா உடலே. வீட்டிலே கிரியைகளைச் செய்து முடித்த பின்னர் உடலை ஒப்படைக்கலாம். மரண விசாரணைக்காக அறுக்கப்பட்ட உடலையும், உறுப்புகள் எடுக்கப்பட்ட உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. ஆகையால் முன்கூட்டிக் கேட்டறிதல் நன்று.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமற் போனால் நாம் உண்மை பேசியவராகமாட்டோம். எமது மண்ணிலே, உடலைக் காணாமலே துயர் சுமக்கும் தாய்மார் பல்லாயிரவர். மகன் இருக்கின்றானா, இல்லையா என்று கேட்டு 2017 முதல் வீதியோரங்களில் அமர்ந்து போராடியவர் அவர்கள். விடை காணாமலே கண்மூடியோர் பலர். ஒரு பிடி சாம்பலுக்கு ஏங்கும் தாயிடம் சென்று, "உடல் வெறுங்கூடு" என்று தத்துவம் பேசுவது கொடுமை. அவர்களுக்கு உடல் என்பது ஒரு சாட்சி; ஒரு நீதி. அப்படிப்பட்ட வீட்டார் உடலைக் கொடுக்க மறுத்தால், அவர்களை அறியாதவர் என்று எவரும் சொல்லற்க.

இன்னொன்றையும் நினைவூட்டுவோம். கொள்ளைநோய்க் காலத்தில், 2020இலிருந்து 2021 பெப்ரவரி வரை, நோயால் இறந்த முஸ்லிம் மக்களின் உடல்களையும் எரித்தே தீரவேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. புதைத்தலால் நோய் பரவும் என்பதற்குச் சான்றில்லை என்று அறிஞர் கூறியும் கேட்கவில்லை. இறந்தவரின் உடல் அரசின் உடைமை என்று நினைத்தாலே இத்தகைய அநீதி பிறக்கும். எனவே, மறுத்து எழுதாதவரெல்லாம் சம்மதித்தவர் எனக் கொண்டு உறுப்பெடுக்கும் சட்டம், அரசின்மேல் நம்பிக்கை இழந்த மக்களுக்கு ஏற்றதன்று என்பது எமது கருத்து. கேட்டுப் பெறுவதே முறை. கேட்பதும் விளங்கும் மொழியிற் கேட்பதாய் இருக்கவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழி ஆயிற்று. விளங்காத மொழியிலுள்ள பத்திரத்தில் வாங்கிய கையொப்பம் வெறும் மை. அது சம்மதம் ஆகாது. சம்மதப் பத்திரம் தமிழில் இருப்பதோடு, தமிழில் விளக்கவல்ல ஒருவர் அருகிருக்கவும் வேண்டும் என்று ஒவ்வொரு வைத்தியசாலையிலும் நாம் வற்புறுத்துவோம்.

எமது நிலை

எம்மைப் பற்றி யாதென்று கேட்பீர்கள். குருதியை நாம் கொடுத்து வருகின்றோம். வயது அனுமதிக்கும்வரை கொடுப்போம். கண்ணும் உறுப்பும் எவருக்குப் பயன்படினும் எடுத்துக்கொள்ளலாம் என்று இல்லத்தாரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கின்றோம். பெறுபவர் எந்த இனம், எந்தச் சமயம் என்று அவர்கள் கேட்கவும் வேண்டாம் என்றோம். உடல் முழுவதையும் கொடுப்பதை மட்டும் அவர்கள் மனத்துக்கே விட்டுவிட்டோம். சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைப்பதில் அவர்களுக்கு ஆறுதல் உண்டாயின், அந்த ஆறுதலைப் பறிக்கும் உரிமை எமக்கில்லை.

நீங்களும் எம்மைப் பின்பற்ற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கேட்பது ஒன்றே. இன்றிரவு சாப்பாடு முடிந்தபின், விளக்கை அணைக்குமுன், வீட்டாரை அருகிலிருத்திப் பேசுங்கள். "எனக்கு இப்படி நேர்ந்தால், இதைக் கொடுங்கள், இதைக் கொடுக்க வேண்டாம்" என்று மனைவி கணவனுக்கும், தந்தை மகனுக்கும், மகள் தாய்க்கும் சொல்லட்டும். பெட்டியிற் பூட்டிவைத்த பத்திரம் அவ்வேளையில் வாய் திறவாது; வீட்டார் நினைவிலுள்ள சொல்லே பேசும். மறுப்பாயினும் சொல்லுங்கள், அதுவும் வீட்டாருக்குச் செய்யும் உதவியே.

காணியைப் பிள்ளைகளுக்கு எழுதிவைப்பது போல், கண்ணை அறியாத ஒருவனுக்குச் சொல்லிவைக்கும் சமுதாயமாக நாம் வளர்வோமாக. கொடுப்போம், விற்கமாட்டோம், எவரும் பறிக்கவும் விடோம்!